சிலை திரும்பி வந்தது, மக்கள்?

பாரிமுனையில், மூலைக் கட்டடத்தின் ஓரத்தில், ஒரு கல்தூண் நிற்கிறது. துறைமுகத்துக்கும் மண்ணடிக்கும் வேலைக்குப் போகிற தோழர்கள் நாள்தோறும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். பேருந்துக்குக் காத்து நிற்கும் நேரத்தில் அதன் பக்கம் பார்வையைத் திருப்பியவர் சிலர். அது என்ன தூண் என்று கேட்டவர் அதனினும் சிலர். இன்று அதன் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி 1639-ல் இந்தக் கடற்கரையில் இடம் பெற்றது, கோட்டை கட்டிற்று. கோட்டைக்குள் குடியேறியது வெள்ளையர் பட்டணம். கோட்டை மதிலை ஒட்டி, வடபுறத்தில் எழுந்தது கறுப்பர் பட்டணம். துணி நெய்தவன், சாயம் தோய்த்தவன், படகு வலித்தவன், மூட்டை சுமந்தவன் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். கம்பெனி கொழுத்தது அவர்கள் கைத்திறத்தால். பின்னர் வந்தது பிரெஞ்சுக்காரனோடு சண்டை. 1746-ல் கோட்டை பறிபோயிற்று. 1749-ல் திரும்பக் கிடைத்தது. 1758-லும் 59-லும் மறுபடி முற்றுகை. அதோடு கம்பெனிக் கனவான்கள் முடிவுக்கு வந்துவிட்டார்கள். கோட்டைக்கு அருகில் கறுப்பன் வீடு இருந்தால் பகைவன் அதன் மறைவில் பதுங்குவான், நம் பீரங்கிக் குண்டு தங்குதடையின்றிப் பாய வேண்டுமானால் எதிரே வெட்டவெளி வேண்டும் என்றார்கள். வீடுகள் தரைமட்டமாயின. மக்கள் வடக்கே துரத்தப்பட்டார்கள். இந்தக் கோட்டுக்கும் கோட்டைக்கும் நடுவே எவனும் வீடு கட்டக் கூடாது என்று எல்லை குறித்து, 1773-ல் ஆறு தூண்களை நாட்டினார்கள். ஆறில் மிஞ்சி நிற்பது ஒன்று. அதுதான் பாரிமுனைத் தூண்.

இடிபட்ட வீடுகள் இருந்த மண்ணில்தான் பின்னாளில் உயர்நீதிமன்றம் எழுந்தது. அந்த நீதிமன்றத்துக்கு எதிர்க் கடற்கரையில்தான், 1923 மே முதல் நாளில், சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர் தொழிலாளரைத் திரட்டினார். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டம், உயர்நீதிமன்றக் கடற்கரையில் ஒரு கூட்டம். இந்தியத் துணைக்கண்டத்தில் மே நாள் கொண்டாடப்பட்டது அதுவே முதல் முறை. வீடிழந்து துரத்தப்பட்டவர்களின் மண்ணுக்கு எதிரே அவர்களது வழிவந்தோர் செங்கொடி ஏற்றினார்கள்.

பீரங்கி போயிற்று. கம்பெனி போயிற்று. வெள்ளையனும் போய்விட்டான். ஆனால் அந்தத் தூண் இருக்கிறதே, அது நின்ற இடத்தில் நிற்கவில்லை, தோழர்களே! அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. பாரிமுனையில் கிளம்பிய தூண் 2000-ஆம் ஆண்டில் ஒக்கியம் துரைப்பாக்கம் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து செம்மஞ்சேரி. செம்மஞ்சேரிக்குப் பின் பெரும்பாக்கம். உழைப்பவனே, இந்தக் கோட்டுக்கு அப்பால் போ என்பதுதான் அதன் கட்டளை. 250 ஆண்டுகளாய் அந்தக் கட்டளையில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

நகரங்களை இரக்கமுள்ளவையாக்க வேண்டும், எல்லோரையும் அரவணைக்கும் நகரங்களைப் படைக்க வேண்டும் என்று இப்போது குளிரூட்டிய மண்டபங்களில் மாநாடுகள் நடக்கின்றன. பேசட்டும், நல்ல பேச்சுத்தான். ஆனால் இரக்கத்தை எதைக்கொண்டு அளப்பது? கண்ணீரைக்கொண்டா, கைதட்டலைக்கொண்டா? கிலோமீட்டரைக்கொண்டு அளக்க வேண்டும் என்கிறோம் நாம். உழைக்கும் இடத்துக்கும் உறங்கும் இடத்துக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர்? அதைச் சொல்லுங்கள், அந்த நகரத்தின் இரக்கம் எவ்வளவு என்று நாம் சொல்லிவிடுகிறோம்.

இந்த அளவுகோலில் சென்னைக்கு ஒரு பெருமையும் உண்டு. அதை முதலில் சொல்வதே நேர்மை. 1970-ல் இங்கே குடிசை மாற்று வாரியம் பிறந்தது. அடுத்த ஆண்டே அதற்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டு என்பதுதான் அந்த நாளில் அதன் தலையாய எண்ணம். நொச்சிக்குப்பத்து மீனவனுக்குக் கடலை விட்டு அகலாத இடத்தில், அலையோசை கேட்கும் தொலைவில், அடுக்கு வீடு எழுந்தது. கட்டடத்தில் குறை உண்டு, பராமரிப்பில் மிகப் பெரிய குறை உண்டு. ஆயினும் வலையும் வீடும் ஒரே இடத்தில் இருந்தன. அப்படி நகரின் நடுவே ஏழைக்கு அன்று இடம் கிடைத்ததால்தான் இன்றும் மயிலாப்பூரிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் உழைப்பாளியின் முகவரி உயிரோடிருக்கிறது.

பிறகு காற்று திசை மாறிற்று. நகரின் நடுவே நிலம் தங்கமாயிற்று. தங்கத்தின் மேல் கூலிக்காரன் படுத்துறங்குவதா என்ற எரிச்சல் சிலருக்கு. கண்ணகி நகரில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். அதை ஒட்டி எழில் நகர். செம்மஞ்சேரியில் 6 ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாக்கத்தில் அடுக்கடுக்காய் வான்முட்டும் கட்டடங்கள். கூவம் சீரமைப்புத் திட்டத்திற்காக மட்டும் அப்புறப்படுத்த வேண்டியவை என்று கணக்கிடப்பட்ட குடும்பங்கள் 14 ஆயிரத்துக்கும் அதிகம். ஆட்சிகள் மாறின, சாமான் ஏற்றிப் போன லாரிகளின் திசை மாறவில்லை. இதை மாற்றாரை நோக்கி மட்டும் சொல்லவில்லை. நம்மவர்களும் கேட்க வேண்டும் என்றே சொல்கிறோம். 2021-ல் வாரியத்தின் பெயரும் மாறிற்று. குடிசை என்ற சொல் போய், நகர்ப்புற வாழ்விட மேம்பாடு என்ற அழகிய பெயர் வந்தது. பெயர் நன்று. வாழ்விடம் எங்கே என்பதுதான் கேள்வி.

கண்ணகி நகர்! பெயர் வைத்தவர் யாரோ, தெரிந்து வைத்தாரோ தெரியாமல் வைத்தாரோ! பிழைக்கப் போன ஊரில் கணவனைப் பறிகொடுத்து, ஒற்றைச் சிலம்போடு மன்னன் அவையில் நின்று நீதி கேட்டவள் கண்ணகி. அவளுக்குக் கடற்கரையில் சிலை எழுந்தது 1968-ல், உலகத் தமிழ் மாநாட்டின்போது. 2001 டிசம்பரில் சிலை அகற்றப்பட்டது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றார்கள். தமிழகம் பொங்கிற்று. எழுத்தாளர் பேசினர், மாணவர் பேசினர், தெருமுனையெல்லாம் அதே பேச்சு. 2006 ஜூன் மாதம் கண்ணகி தன் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தாள். மகிழ்ந்தோம், மகிழத்தான் வேண்டும். ஆனால் அதே இடைஞ்சல் என்ற சொல்லைச் சொல்லித்தானே, அதே ஆண்டுகளில், உயிருள்ள கண்ணகிகளைக் குடும்பம் குடும்பமாக லாரியில் ஏற்றினார்கள்? கற்சிலைக்காகக் கூடிய கூட்டத்தில் கால்வாசி அவர்களுக்காகக் கூடியிருந்தால்? சிலை திரும்பி வந்தது. மக்கள் திரும்பி வரவில்லை.

25 கிலோமீட்டர் என்றால் என்ன என்று காரில் போகிறவர்களுக்குத் தெரியாது. அடையாற்றுக் கரையில் குடியிருந்த ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். விடிந்ததும் பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு, பத்து நிமிட நடையில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கி, பிள்ளை பள்ளிக்குப் புறப்படுமுன் வந்து தலைவாரி அனுப்பினாள். நடுப்பகலில் வந்து ஒரு வாய் சோறு உண்டாள். மறுபடி மாலையில் இரண்டு வீடு. இன்று அவள் பெரும்பாக்கத்துக்காரி. நான்கு மணிக்கு எழ வேண்டும். பேருந்து வந்தால் ஏற வேண்டும். வந்தும் நிற்காமல் போனால் அடுத்ததற்கு நிற்க வேண்டும். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. பிள்ளைக்குத் தலைவார யாருமில்லை. நான்கு வீட்டு வேலை இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, முடிவில் அதுவும் நின்றுபோகிறது. தாமதமாக வருகிற வேலைக்காரியை எந்த வீட்டு அம்மாள் வைத்துக்கொள்வாள்?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 3 மணி நேரம் பேருந்தில். மாதத்தில் 25 நாள் வேலை. 75 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகப் பிரித்தால் ஒன்பது நாளுக்கு மேல்! மாதம் ஒன்பது நாள் உழைப்பைக் கூலியில்லாமல் சாலைக்குக் கொடுக்கிறாள் அவள். எட்டு மணி நேர வேலை என்பதற்காகக் குருதி சிந்திய வர்க்கம் நாம். ஆலை வாசலில் வென்றதைப் பேருந்து நிறுத்தத்தில் பறிகொடுத்துக்கொண்டிருக்கிறோமே, இது எந்தச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலிலாவது இருக்கிறதா? கூலி உயர்வுக்கும் போனசுக்கும் கொடி பிடிக்கிறோம், பிடிக்கத்தான் வேண்டும். வீடு எங்கே என்பதும் கூலிப் பிரச்சினைதான் என்று நம் சங்கங்கள் இன்னும் முழுமையாக உணரவில்லை. இது நம் வீட்டுக் குறை. வெளியே பழி சொல்வதற்கில்லை.

2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இலவசம் என்று இகழ்ந்தவர்கள் பெரும்பாக்கம் பேருந்தில் ஒரு நாள் காலை ஏறிப் பார்த்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். அந்தத் திட்டம் பல ஆயிரம் அடுப்புகளை அணையாமல் காத்திருக்கிறது. ஆனால் கட்டணம்தான் போயிற்று. மூன்று மணி நேரம் போகவில்லையே! பணத்தை அரசு திருப்பித் தரலாம். நேரத்தை எந்த அரசு திருப்பித் தரும்?

நேரத்தோடு போவதில்லை இழப்பு. கிராமத்தில் ஊர் என்று ஒன்று, சேரி என்று ஒன்று. நடுவே வயல், வாய்க்கால், வழக்கம் என்ற பெயரில் ஒரு வேலி. பட்டணம் போனால் இந்த வேலி இல்லை, பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவன் யார் என்று யாரும் கேட்பதில்லை என்றுதான் தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் பட்டணத்துக்கு ரயிலேறினார்கள். இப்போது பட்டணமே தன் கையால் புதுச் சேரியைக் கட்டுகிறது, கான்கிரீட்டில்! ஆற்றோரத்திலிருந்து அகற்றப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள் என்பது ஊரறிந்தது. அவர்களை மட்டும் ஒருசேரத் திரட்டி, நகரத்தின் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்தால் அதற்கு வேறென்ன பெயர்? கண்ணகி நகர் என்று முகவரி சொன்ன மாத்திரத்தில் வேலை இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள் என்பது அங்குள்ள இளைஞர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லி வரும் குறை. 2020-ல் அந்தக் குடியிருப்பின் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டினார்கள். கண்ணுக்கு அழகுதான். 2025 அக்டோபரில் பகுரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றதே, அந்த அணியில் இருந்தது கண்ணகி நகர்ப் பெண். ஓவியம் சுவரை மாற்றிற்று. அந்தச் சிறுமி முகவரியையே மாற்றிக் காட்டினாள். பயிற்சிக்கு நல்ல திடலும் நல்ல வேலையும் கைக்கெட்டும் தொலைவில் இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேரோ!

பழந்தமிழ்ப் பட்டினத்தில் மட்டும் பிரிவினை இல்லையா என்பார்கள். இருந்தது, மறைக்க வேண்டாம். சிலப்பதிகாரப் புகாரில் மீன் விற்பவரும் உப்பு விற்பவரும் கொல்லரும் தச்சரும் மருவூர்ப்பாக்கத்தில். அரச வீதியும் பெருவணிகர் மாளிகையும் பட்டினப்பாக்கத்தில். ஆனால் இரண்டுக்கும் நடுவே இருந்தது என்ன? நாளங்காடி! இரு பாக்கத்தாரும் வந்து கூடும் சந்தை. நடந்து போகும் தொலைவு. பெரும்பாக்கத்துக்கும் போயஸ் தோட்டத்துக்கும் நடுவே என்ன சந்தை இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

ஆற்றோரம் ஆபத்து, வெள்ளம் வந்தால் மாண்டுபோவார்கள், அவர்கள் நன்மைக்காகத்தான் அகற்றுகிறோம் என்று அதிகாரிகள் கூறுகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைச் சான்று காட்டுகிறார்கள். ஆற்றுப் படுகையில், சாக்கடை நாற்றத்தில், மழைக்கு மழை மிதக்கும் வீட்டில் மனிதன் வாழ வேண்டும் என்று நாமும் கேட்கவில்லை. ஆனால் வெள்ளத்திலிருந்து காப்பாற்றிக் கொண்டுபோய் எங்கே வைத்தீர்கள்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில்! 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றதே, அதே சதுப்பு நிலம். மழைக்காலத்தில் செம்மஞ்சேரி மிதப்பதை ஆண்டுதோறும் செய்தித்தாளில் படமாகப் பார்க்கிறோம். ஆற்றிலிருந்து ஏரிக்குள் மாற்றியதற்குப் பெயர் மறுவாழ்வாம்! அதே சதுப்பின் மேல் கண்ணாடி மாளிகைகளும் எழுந்திருக்கின்றன. அவற்றின் வாசலுக்கு எந்த லாரியும் போகவில்லை. ஆபத்து ஏழைக்கு மட்டும்தானா? தண்ணீருக்குமா வர்க்கம் தெரியும்?

நீதிமன்ற ஆணை என்பது இன்னொரு வாதம். நீதிமன்றம் என்ன சொன்னது என்பதையும் முழுமையாகச் சொல்ல வேண்டும். 1981-ல் பம்பாயில், கொட்டும் மழைக்காலத்தில், நடைபாதை மக்களைப் பேருந்தில் ஏற்றி ஊருக்கு வெளியே அனுப்பினார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் போயிற்று. 1985 ஜூலை 10 அன்று தீர்ப்பு. பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையின் பகுதியே, பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதாகும் என்றது நீதிமன்றம். வேலை இருக்கும் இடத்துக்கு அருகில் இருப்பதால்தான் அவர்கள் நடைபாதையில் படுக்கிறார்கள் என்பதையும் ஏற்றுக்கொண்டது. முன்னறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்புச் சொன்னது, அதையும் மறைக்கவில்லை. அதே நாளில் சென்னைக் குடிசை மக்கள் பற்றிய வழக்கும் முடிவாயிற்று. மாற்றிடம் தராமல் அகற்றமாட்டோம் என்ற தமிழக அரசின் நிலையை நம்பி நீதிமன்றம் அதை முடித்தது. மாற்றிடம் என்றது சட்டம். எத்தனை காதம் தள்ளி என்று அது சொல்லவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் லாரிகள் போகின்றன.

அந்த ஓட்டையின் விலை என்ன? 2022 மே மாதம் இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடுகளை நீதிமன்ற ஆணைப்படி இடிக்க வந்தார்கள். அங்கேயே வாழ்ந்த ஒரு பெரியவர் தன்னைத் தீக்கு இரையாக்கிக்கொண்டு மாண்டார். அதன் பிறகுதான் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது: இம்மக்களுக்கு அருகிலேயே, மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதியில் வீடு தரப்படும் என்று. மறுகுடியமர்வுக்கென்று கொள்கை வகுக்கப்படும் என்றும் சொல்லப்பட்டது. அறிவிப்பை வரவேற்றோம். ஆனால் நெஞ்சு கேட்கிறது: அருகில் என்ற அந்த ஒரு சொல் அரசாங்க அகராதியில் ஏறுவதற்கு ஓர் உயிர் எரிய வேண்டியிருந்ததா?

அருகில் இடம் கொடுக்க முடியும் என்பதற்குச் சான்றும் இங்கேயே உண்டு. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் இணைப்புச் சாலையில் மீன் விற்ற பெண்களை அகற்றப் போனபோது குப்பமே சாலையில் அமர்ந்தது. 2024 ஆகஸ்டில் அதே சாலையோரத்தில் அவர்களுக்கென மீன் சந்தை திறக்கப்பட்டது. சந்தையில் குறை இருந்தால் பேசித் திருத்தலாம். கடற்கரையிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி மீன் சந்தை கட்டவில்லை என்பதே செய்தி. அமர்ந்து போராடியவர்களுக்கு அருகில் இடம் கிடைத்தது. விவரம் தெரியாமல் லாரியில் ஏறியவர்களுக்குத் தொலைவு கிடைத்தது. தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நிலத்துக்கு எங்கே போவது, பணத்துக்கு எங்கே போவது என்பது கடைசி வாதம்; கனமான வாதமும் அதுதான். இதற்கு வியன்னா பதில் சொல்லியிருக்கிறது.

முதல் உலகப் போரில் தோற்று, பேரரசு சிதறி, ரொட்டிக்கு வரிசையில் நின்ற நகரம் அது. 1919-ல் நகராட்சி சமதர்மவாதிகள் கைக்கு வந்தது. தொழிலாளி இருட்டறையில் எட்டுப் பேரோடு படுத்துக்கிடந்தான். கட்டிலில்கூட முறை வைத்துப் படுத்தார்கள். 1923-ல் நகராட்சி வீட்டு வரி ஒன்றைப் போட்டது. மாளிகைக்குப் பெரிய வரி, சிறு வீட்டுக்குச் சிறு வரி. பகட்டுப் பொருள்களுக்குத் தனி வரி. அந்தப் பணத்தில் பத்தாண்டுகளுக்குள் 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. ஊருக்கு வெளியே அல்ல, டிராம் ஓடும் தெருவில்! 1930-ல் திறந்த கார்ல் மார்க்ஸ் மனை ஒன்றே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஏறத்தாழ 1,400 வீடு. துணி துவைக்கும் கூடம், குளிப்பறைகள், குழந்தைகள் பள்ளி, நூலகம், நடுவே சோலை. வாடகை கூலியில் சிறு துண்டு. செல்வச் சீமான்களுக்கு இது பொறுக்கவில்லை. 1934 பிப்ரவரியில் வலதுசாரி அரசு அந்தக் குடியிருப்பின் மேல் பீரங்கி வைத்துச் சுட்டது. சென்னையில் பீரங்கிக்காக வீட்டை இடித்தான் கம்பெனிக்காரன். வியன்னாவில் வீட்டை இடிக்கவே பீரங்கியைக் கொண்டுவந்தார்கள்! ஆனால் அந்த வீடுகள் இன்றும் நிற்கின்றன. வியன்னா மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இன்று நகராட்சி வீடுகளிலும் அரசு உதவியில் எழுந்த வீடுகளிலும் வாழ்கிறார்கள். தோற்றுப்போன ஏழை நகரத்தால் முடிந்தது, கார்த் தொழிற்சாலைகளும் கணினிக் கம்பெனிகளும் கொண்ட நகரத்தால் முடியாதா?

விதியும் இங்கே இல்லாமல் இல்லை. பெரும் மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கு ஏழை எளியோருக்கென்று விட வேண்டும் என்பது நெடுநாளைய ஏற்பாடு. பெரிய கட்டடங்கள் எழுப்புவோர் உறைவிட நிதிக்குக் கட்டணம் செலுத்தும் முறையும் வந்தது. இங்கேதான் கவனம் வேண்டும். இடமாகக் கொடுத்தால் ஏழை பக்கத்து வீட்டுக்காரன் ஆவான். பணமாகக் கொடுத்தால் அந்தப் பணம் நிலம் மலிவாயிருக்கும் இடத்தைத் தேடிப் போகும். மலிவான இடம் எங்கே இருக்கும்? தொலைவில்! கோட்டுக்கு அப்பால்!

பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்துவிட்டு அதே இடத்தில் பெரிய வீடுகளாகக் கட்டும் வேலை இப்போது பல பகுதிகளில் நடக்கிறது. இதுதான் சரியான வழி, 1970-ன் வழி. இதிலும் கண்விழிப்பு வேண்டும். புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் அதே இடத்தில்தான் ஒன்பது மாடி எழுப்பினார்கள்; 2021-ல் குடியேறியவர் கை பட்டதும் சுவரின் பூச்சு உதிர்ந்தது. ஏழைக்குத்தானே, இது போதும் என்று கலந்த சாந்து அது.

வீட்டைப் பற்றியே இவ்வளவு பேசியதால் மற்ற இடங்களை மறந்துவிட்டோம் என்று எண்ண வேண்டாம். படுக்க இடம் போலவே நிற்க இடம், உட்கார இடம். 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடியும்வரை எந்த வியாபாரியையும் அகற்றக் கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் பத்துக்கு நான்கு பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவராக இருக்க வேண்டும் என்கிறது. தள்ளுவண்டிக்காரத் தோழர்களில் எத்தனை பேர் கையில் அந்த அடையாள அட்டை இருக்கிறது? துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுதும் நின்றே வேலை செய்து கால் வீங்கிய பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-ல் சட்டம் செய்தது. தமிழ்நாடு 2021-ல் செய்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம் வேண்டியிருக்கிறதே என்று வெளிநாட்டான் சிரிக்கலாம். நாம் சிரிப்பதற்கில்லை. சட்டம் வந்த பிறகும் தியாகராய நகர்க் கடைகளுக்குள் போய்ப் பாருங்கள்: நாற்காலி எங்கே கிடக்கிறது, அதில் யார் உட்காருகிறார்கள் என்று. சக்கர நாற்காலிக்காரர்கள் ஏறக்கூடிய தாழ்தளப் பேருந்துகள் 2024-ல் சென்னைச் சாலைக்கு வந்தன. பல ஆண்டு வழக்காடிப் பெற்றவை. ஒவ்வொன்றும் ஓர் அங்குலம், கேட்டுப் பெற்ற அங்குலம்.

இனி நம் வட்டச் செயலாளர்களுக்கும் தொண்டர்களுக்கும் ஒரு வேலை. வட்டந்தோறும் பகுதி சபை என்று ஒன்று இருக்கிறது. 2022 நவம்பர் முதல் நாள் தொடங்கியது. கிராமசபைபோல நகரத்தானும் எழுந்து நின்று கேட்கும் இடம். அங்கே பெரும்பாலும் காலி நாற்காலிகள்தாம் காத்திருக்கின்றன. வருகிறவர்களும் தெருவிளக்கு, குப்பைத்தொட்டி என்று பேசிவிட்டுக் கலைகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு ஆட்டோத் தோழர்களும் வீட்டு வேலைப் பெண்களும் தூய்மைப் பணியாளர்களும் போக வேண்டும். அவர்களோடு நீங்களும் போக வேண்டும். நம் வட்டத்தில் அரசுக்கும் மாநகராட்சிக்கும் சொந்தமான காலி நிலம் எவ்வளவு? யார் யார் கையில், என்ன குத்தகைக்கு இருக்கிறது? நம் வட்டத்தில் அகற்றப்பட வேண்டியவர் என்று பட்டியலில் ஏறியிருக்கும் குடும்பங்கள் எத்தனை, அவர்களுக்குக் குறித்திருக்கும் இடம் எங்கே? இந்த மூன்றையும் எழுதிக் கொடுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள். கேள்வி கூட்டக் குறிப்பேட்டில் ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வீடு திரும்புங்கள்.